தரையிலிருந்து எழுந்த காலம்

முந்தைய தலைமுறையின் காரைக்கால் வீடுகளில் முதியவர்களுக்கென்று தனியாக உடற்பயிற்சி எதுவும் கிடையாது. பாயில் படுத்து எழுவார்கள். கீழே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அரிவாள்மணையைக் காலால் அழுத்திக் குந்தியபடி மீன் ஆய்வார்கள், கிணற்றில் நீர் இறைப்பார்கள். நாள் முழுக்க உடம்பு தரைக்கு இறங்குவதும் எழுவதுமாகவே இருக்கும். தொடையும் இடுப்பும் அதிலேயே உரமேறின. சித்திரை பிறந்தால் வேலையெல்லாம் விடியலுக்கு நகர்ந்துவிடும். ஒரு செம்பு நீராகாரம், உப்பு, சின்ன வெங்காயம். வெயில் ஏறினால் திண்ணையை விட்டு இறங்குவதில்லை.

இன்று வீட்டில் எல்லாமே இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது: கட்டில், சாப்பாட்டு மேசை, சமையல் மேடை, வெஸ்டர்ன் டாய்லெட். முட்டிவலிக்காரர்களுக்கு இது வரம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உடம்புக்கு மிஞ்சியது வாக்கிங் மட்டுமே. அரசலாற்றை ஒட்டிக் கடற்கரைக்குப் போகும் சாலையில் காலையில் கை வீசி நடக்கிற பெரியவர்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. நடை சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லது. விழாமல் காப்பதற்கு அது மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு, சமநிலையும் வலுவும் தரும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது வேண்டும் என்கிறது. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கொஞ்சம் நில்லுங்கள். அன்றைய தரை செய்த வேலையில் பாதியை இவை செய்யும்.

இந்தக் கரையின் வெயில் தனி ரகம். கத்திரியில் மேல்காற்று ஓங்கிய நாட்களில் கடல்காற்று ஏறிவரத் தாமதமாகும், நடுப்பகல் கொதிக்கும். கடல்காற்று வந்த பிறகோ ஈரம் கூடி வேர்வை உலராது, உடம்பு ஆறாது. வயது ஏற ஏறத் தாகமும் சரியாகத் தெரிவதில்லை. அதோடு பிரஷருக்கு நீர் மாத்திரையும் சேர்ந்தால், கட்டிலைவிட்டுச் சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். அடுத்த அடி வழவழ டைல்ஸில், தேய்ந்த ரப்பர் செருப்போடு. மாத்திரையை நாமே நிறுத்தக் கூடாது. கோடை தொடங்கும்போதே டாக்டரிடம் கேட்டு அளவை முடிவு செய்துகொள்ள வேண்டும். உப்புப் போட்ட நீராகாரம் தனக்கு ஆகுமா என்பதையும் பிரஷர்காரர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அப்போதே கேட்டுவிடலாம். எழுந்ததும் ஒரு நிமிடம் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் ஊர்க் கோயில்களையும் சொல்லியாக வேண்டும். திருநள்ளாறு நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்து முழுகுகிறார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் அந்தப் படிகளில் பிசுக்கு ஏறியிருக்கும். வயதானவரைத் தனியே இறங்கவிடக் கூடாது. ஆனியில் மாங்கனித் திருவிழா. மாடிகளிலிருந்து பழத்தை வீசும்போது எல்லார் கண்ணும் மேலேதான் இருக்கும். கூட்டம் ஒரு பக்கமாகச் சாயும். வேண்டுதலுக்காக வெறுங்காலோடு தார்ச்சாலையில் நிற்கிற சர்க்கரை நோயாளிக்குப் பாதம் மரத்திருந்தால் சூடே உறைக்காது. சாயங்காலம் கால் கழுவும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும், அது ஆறாத புண்ணாகும். “அம்மாச்சி, செருப்புப் போட்டுக்க. சாமி கோவிச்சுக்காது” என்று பேத்தி சொன்னால் அதைக் கேட்பதில் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது. வயதில் முதியவர்கள் திண்ணையிலோ பந்தல் நிழலிலோ நின்று சாமி பார்க்கட்டும். பழத்தைப் பேரன் பிடித்துக்கொண்டு வரட்டும்.

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இடுப்பெலும்பு முறிந்தவர் அன்று படுத்த படுக்கைதான். புண் வைத்து, சளி கட்டி, சில மாதங்களில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இன்று ஓரிரு நாளில் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைக்கிறார்கள். விழுந்த இடத்தில் எண்ணெய் தடவி உருவிப் பார்த்து நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கோடையில் மிக அதிகமாக உடம்பை அசைக்கிற முதியவர்கள் அரசலாற்றங்கரையில் நடப்பவர்கள் அல்ல. கோட்டுச்சேரி, நெடுங்காடு பக்கம் மண்வெட்டி எடுத்து நூறு நாள் வேலைக்குப் போய்வந்த பாட்டிகள் அவர்கள். வேலைத்தளத்தில் குடிநீரும் நிழலும் முதலுதவிப் பெட்டியும் இருக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எந்தத் திட்டத்தில் எந்தப் பெயரில் வாய்க்கால் தூர்வாரினாலும், சித்திரை, வைகாசியில் அவர்களுக்கு விடியற்காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கிப் பத்துக்குள் முடிய வேண்டும்.