கடலிலே குடியிருத்தல்: 'ஸ்பிறே' பாய்க்கலத்தின் ஆயத்தம் பற்றிய ஒரு நோக்கு

நெடுங்கடற் பயணம் பற்றிய நூல்கள் புயலையும் பேரலையையும் விரித்துரைக்கின்றன. கலம் கரையிலே கிடந்த மாதங்களைப் பற்றி அவை கூறுவது குறைவு. எனினும் பயணத்தின் முடிவு பெரிதும் அம்மாதங்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றது. சரக்குக் கலம் துறையை அடைந்ததும் அதன் கடமை முடிந்துவிடும். குடியிருப்பாகவும் அமையும் கலமோ உறங்கறை, அடுக்களை, களஞ்சியம், பட்டறை ஆகிய நான்குமாய் ஆண்டுக்கணக்கில் இயங்கவேண்டும். அத்தகைய கலம் எவ்வாறு ஆயத்தஞ் செய்யப்படுகின்றது என்பதை, உலகைத் தனியொருவராய்ப் பாய்க்கலத்திற் சுற்றிவந்த முதல் மனிதரான யோசுவா சிலோக்கமின் 'ஸ்பிறே'யைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடலும் நிலைபேறும்

1844இல் நோவா ஸ்கோசியாவிற் பிறந்த சிலோக்கம், வணிகக் கப்பல்களின் தலைவராகப் பல்லாண்டு கடமையாற்றியவர். 1892இல் அவருக்குக் கிடைத்த 'ஸ்பிறே', மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பெயார்கேவன் என்னுமிடத்தில், கரையிலேற்றப்பட்டு உக்கிக் கிடந்த பழங்கலமாகும். அதனைப் புதுப்பிக்க அவருக்குப் பதின்மூன்று மாத உழைப்பும், பொருட்செலவாக 553.62 டொலரும் தேவைப்பட்டன. முடிவில் அது 36 அடி 9 அங்குல நீளமும் 14 அடி 2 அங்குல அகலமும் கொண்டதாய் அமைந்தது.

அயலிலே வெட்டிய ஓக்கு மரத்தால் ஏராவை அமைத்து, இளமரங்களை நீராவியிற் பதப்படுத்தி வளைத்து வங்குகளாக்கி, அவற்றின்மேல் ஒன்றரை அங்குலத் தடிப்புடைய பைன் பலகைகளைப் பொருத்தினார். பின்னர் பலகை இடுக்குகளிற் பஞ்சும் அதன்மேல் தார்ச்சணலும் செலுத்தப்பட்டன. எமது ஓடாவிமார் கலப்பற்று என வழங்கும் வேலை இதுவே. நீரை உறிஞ்சிப் பலகை பருக்கும்போது இடுக்கு நெருங்கித் திணித்த பொருளை இறுகப் பற்றிக்கொள்கின்றது. கடலுயிர்கள் அடியிற் பற்றாதிருக்கச் செப்புப்பூச்சு இருமுறை இடப்பட்டது. கலத்தை நிலைநிறுத்தும் பாரமாகச் சீமெந்துக் கொங்கிறீற்றுக் கட்டிகள் அடித்தளத்திலே அசையாவண்ணம் முட்டுக்கொடுத்து இறுக்கப்பட்டன. பாரம் இடம்பெயருமாயின் ஒருபுறம் சாய்ந்த கலம் மீண்டும் நிமிராது.

இவை யாவற்றையும் தம் கையாலேயே செய்தமையால், எந்த ஆணி எங்குள்ளது என்பதை அவர் அறிந்திருந்தார். நடுக்கடலில் ஓடாவியை அழைக்க இயலாதவர்க்கு அவ்வறிவு பெருந்துணையாகும்.

வாழிடமும் களஞ்சியமும்

முன்புறத்தில் அடுக்களையும் பின்புறத்தில் வாழறையும் அமைய, இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் நீரும் உப்பிட்ட இறைச்சி முதலான உணவும் பல மாதங்களுக்குப் போதுமாறு வைக்கப்பட்டன. மிகப் பாரமான பொருள் கலத்தின் நடுவிலும் தாழ்விலும் இருத்தல்வேண்டும் என்ற விதி இவ்வமைப்பிற் பேணப்பட்டமை காண்க. வாழறையின் இருமருங்கும் படுக்கையும் தட்டுகளும் மருந்துப் பெட்டியும் இடம்பெற்றன.

நீரின் அளவை எளிதிற் கணிக்கலாம். சிலோக்கம் பசிபிக்குச் சமுத்திரத்தில் சமோவா வரை தரையிறங்காது 72 நாள்கள் சென்றார். ஒருவர்க்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் எனக் கொண்டால், அக்காலத்துக்கு 216 லீற்றர் வேண்டும். காலதாமதத்துக்கும் கசிவுக்கும் மேலதிகமாக வைப்பதே விவேகமாகும்.

சிறிய கலத்தில் ஒரு பொருள் இருவகைப் பயன் தரவேண்டும். முழுத்தோணியை ஏற்ற இடமின்மையால், பழைய சிறு தோணியொன்றைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டுவாயைப் பலகையால் அடைத்துக் கரைசேரும் தோணியாகக் கொண்டார். அதுவே துணி துவைக்கும் தொட்டியுமாயிற்று. நெடுங்கோட்டைக் கணிக்க வேண்டிய நுண்கடிகாரத்தைச் செப்பனிடப் பதினைந்து டொலர் செலவாகும் என்பதால் அதனை விடுத்து, ஒரு டொலருக்குத் தகரக் கடிகாரமொன்றை வாங்கினார். சந்திரனுக்கும் ஏனைய வான்பொருள்களுக்குமிடையிலான கோணத்தை அளந்து இடமறியும் பழைய முறையில் அவருக்கிருந்த தேர்ச்சியே இத்துணிவுக்குக் காரணம். அத்தேர்ச்சி இல்லாதார்க்கு இச்சிக்கனம் ஆபத்தாய் முடியும்.

பயணத்திடையே திருத்தம்

1895 ஏப்பிரில் 24இல் பொஸ்ரனிலிருந்து புறப்பட்ட பின்னரும் ஆயத்தம் முற்றுப்பெறவில்லை. தென்முனைக் காற்றுகளை எதிர்நோக்கி, புவனொஸ் அயர்ஸ் நகரில் பாய்மரத்தை 7 அடி குறைத்தார். மகலன் நீரிணையில் பிற்பகுதியிற் சிறு பாயொன்றைச் சேர்த்தார். சீரான காற்றில், சுக்கானைக் கட்டிவிட்டால் தானாகவே நேர்வழி செல்லும் இயல்பு 'ஸ்பிறே'க்கு இருந்தது. தேர்ஸ்டே தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைல்களை 23 நாள்களிற் கடந்தபோது, அவர் சுக்கானைப் பிடித்திருந்தது மூன்று மணித்தியாலத்துக்கு மேற்படாது. தனித்து வாழ்பவர் உறங்கவும் சமைக்கவும் இவ்வியல்பே இடமளித்தது. 1898 யூன் 27இல் நியூபோட்டை அடைந்தபோது, அவர் ஏறத்தாழ 46,000 மைல்களைக் கடந்திருந்தார்.

பயணத் தொடக்கத்தில் 'ஸ்பிறே' உலர்மீனும் அலையடக்கும் எண்ணெயும் பெற்ற இடம் குளொஸ்ரர் துறையாகும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்', அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சனால் வாங்கப்பட்டு, எம்மவர் சிலரும் மாலுமிகளாய்ச் செல்ல, 1938இல் வந்தடைந்ததும் அதே துறையே. ஒற்றை மனிதரின் கைவேலையும் ஓர் ஊரின் வழிவழி வந்த தொழிலறிவும் சமுத்திரங்களைக் கடக்கவல்லன என்பதற்கு இவ்விரு கலங்களும் சான்றாகும்.

சிலோக்கம் 1909இல் அதே 'ஸ்பிறே'யில் மீண்டும் புறப்பட்டார். அவரும் கலமும் திரும்பவேயில்லை. அதன் காரணத்தைக் கடல் வெளியிடவில்லை. ஆயினும், இறுதி ஆண்டுகளிற் கலத்தைக் கண்டோர் சிலர், அது முன்போற் பேணப்படவில்லை எனக் குறித்துள்ளனர். பதின்மூன்று மாத உழைப்புக் கலத்துக்கு அளித்த வலிமை என்றென்றைக்கும் உரியதன்று. மரம் உக்கும், கயிறு தேயும், கலப்பற்றுத் தளரும். ஆதலின் கடலிலே குடியிருக்க விழைவோர்க்கு ஆயத்தம் என்பது, புறப்படும் நாளில் முடியாது, கலத்தில் வாழும் நாளெல்லாம் தொடரும் கடமையாகும்.