பழைய ஷாட்கன்னில் ராணுவ முத்திரை: விலை ஏறுமா?

நம்ம காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்னு ஓர் ஊர் இருக்கு. 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையைத் தோற்கடித்தது அங்கேதான்.

அந்தத் திப்புவுக்காக 1793-94-ல் ஒரு வேட்டைத் துப்பாக்கி செய்தார்கள். 14 போர் அளவு. வேகமாக ஓடும், பறக்கும் இலக்குகளைச் சுடுவதற்கு, நம்ம ஷாட்கன் மாதிரி. செய்தவர் அசத் கான் முகமது, தன் பெயரையே அதில் பொறித்திருக்கிறார். 2023-ல், அது நாட்டை விட்டுப் போகக்கூடாதென்று பிரிட்டன் அரசு தற்காலிகத் தடை போட்டது. மதிப்பு 20 லட்சம் பவுண்ட்! அந்த விலை இரும்புக்கும் மரத்துக்கும் இல்லை. யாருடையது என்பதற்குத்தான்.

ராணுவ முத்திரைக்கும் இதே கணக்குதான். பிரிட்டிஷ் அரசின் சொத்து என்றால் அம்புமுனை அடையாளம் இருக்கும். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அரசு அதை விற்றுவிட்டது என்று அர்த்தம். அமெரிக்க ராணுவம் வாங்கிய வின்செஸ்டர் 1897 ஷாட்கன்கள் பலவற்றில் ‘யூ.எஸ்.’ எழுத்தும் தீப்பற்றிய குண்டுச் சின்னமும் உண்டு. இதே மாடலைப் பொதுமக்களும் வாங்கினார்கள். ஆனா, போருக்குப் போனதுக்குத்தான் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை கொடுப்பாங்க.

அதனாலேயே போலி முத்திரைகளும் வந்தன. நம்ம பாஷைல சொன்னா, முத்திரை வெறும் யூசர்நேம். யார் வேணும்னாலும் டைப் பண்ணலாம். பாஸ்வேர்டு வேற இடத்துல இருக்கு: சீரியல் நம்பர் ராணுவம் வாங்கிய காலத்தோடு பொருந்துதா? முத்திரை சரியான இடத்தில் இருக்கா? பழைய மேல்பூச்சை உடைத்துக்கொண்டு புதுசா அடித்த மாதிரி தெரியுதா? கைமாறிய ஆவணங்கள் இருக்கா? ஒன்று இடித்தாலும், அந்த முத்திரையே விலையைக் குறைத்துவிடும்.

பட்டுச் சேலைல சில்க் மார்க் லேபிள் இருந்தாலும், நம்ம ஊர் அம்மாக்கள் ஜரிகையையும் கோர்வையையும் தடவிப் பார்க்காம வாங்குவாங்களா?

தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருந்தால், முதலில் லைசென்ஸ் நிலவரத்தைச் சரிபாருங்க. பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க. முத்திரையும் சேர்ந்து தேய்ஞ்சிடும். நூறு வருஷம் தாண்டிய பழம்பொருளை நாமே வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972-ம் வருடத்துத் தொல்பொருள் சட்டம் விடாது. பழைய ரசீது, கடிதம், லைசென்ஸ் புத்தகம் எதையும் தூக்கிப் போடாதீங்க. முத்திரை சொல்வதை நிரூபிக்கிறது அந்தக் காகிதங்கள்தான்.