மண்ணில்லாப் பயிர்ச்செய்கையும் பட்டப் படிப்பும்



உரத்தை நீரிற் கரைத்துப் பயிருக்கு விடுவதற்கு ஒருவன் பல்கலைக்கழகம் புகவேண்டுமா என்று என்னிடம் வினவும் பெற்றோர் உளர். பிள்ளையின் நான்கு ஆண்டுகளையும் தமது சேமிப்பையும் ஈடுவைக்கும் அவர்கள் இவ்வாறு வினவுவது நியாயமே. இதற்கு விடை இத்துறையின் வரலாற்றிலேயே உண்டு.

பேர்க்கிளி நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெரிக் என்பார், நீர்த்தொட்டிகளிற் பயிர் விளைவிக்கலாமென 1929ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். அவர் வளர்த்த தக்காளிச் செடிகள் ஏணி வைத்துப் பறிக்குமளவுக்கு ஓங்கின. 1937இல் அம்முறைக்கு 'ஐதரோபோனிக்ஸ்' என்னும் பெயரையும் வழங்கினார். உலகம் வியந்தது. ஆயின், அதே பல்கலைக்கழகத்து ஹோக்லண்டும் ஆர்னனும் நீரிலும் மண்ணிலும் பயிரிட்டு, விளைவை அளந்து பார்த்தனர். நல்ல மண்ணின் விளைச்சலை நீர் இயல்பாகவே விஞ்சுவதில்லை என்பதே 1938இல் அவர்கள் வெளியிட்ட முடிபு. வியப்பை அளவையால் சோதிக்கும் இப்பழக்கமே பட்டப் படிப்பு தரும் முதற்பயன்.

மண் நம் தவறுகளை ஓரளவு பொறுக்கும், நீர்க்கரைசல் பொறுக்காது. அதன் காரஅமில நிலை ஏறத்தாழ 5.5க்கும் 6.5க்கும் இடையில் நிற்றல் வேண்டும். அது மிக உயர்ந்தால், கரைசலில் இரும்பு இருந்தும் வேருக்கு எட்டாது; இளந்தளிர்கள் மஞ்சளிக்கும். மெல்லிய நீரோட்டத்தில் வளரும் பயிருக்கு நீரிறைக்கும் பொறி சில மணிநேரம் நின்றாலே கேடுதான். ஆகவே மாணவன் இரசாயனம், தாவர உடற்றொழிலியல், ஒளியும் வெப்பமும் பற்றிய பௌதிகம், பொறியியல், கணக்கியல் ஆகிய யாவற்றையும் பயிலவேண்டியவனாகிறான்.

இப்படிப்புப் பெரும்பாலும் வேறு பெயர்களில் அமைந்துள்ளது. ஒல்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் அது தாவர விஞ்ஞான முதுமாணிப் படிப்பின் ஒரு பிரிவு. அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் தாவர விஞ்ஞானமும் உயிரமைப்புப் பொறியியலும் கற்போர் அதனைப் பயில்கின்றனர். அங்குள்ள கட்டுப்படுத்திய சூழல் வேளாண்மை நிலையத்தார், தென்முனை ஆய்வுநிலையத்தில் 2004இல் நிறுவிய காய்கறி வளர்ப்பறையை அமைப்பதிற் பங்குகொண்டனர்.

சிறு தோட்டம் நடத்த விழைவோர்க்குக் குறுகிய பயிற்சியே போதும். பெரும் பச்சைவீடுகளை அமைக்கவும் ஆராயவும் விரும்புவோர் பட்டம் நாடுக. அவர்களும் படிப்பின் பெயரைக் கண்டு மயங்காது, ஒரு போகமேனும் மாணவன் தன் கையாற் பயிர் வளர்க்க அங்கே இடமுண்டா என்று முதலிற் கேட்டறிதல் நன்று.