ஆள் மாற்றும் சந்தையும் ஆபீஸ் நாற்காலியும்

பெப்ரவரி மாதம் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் ஒரு சந்தை களைகட்டிவிடுகிறது. நம்முடைய கண்ணபுரத்தில் காங்கேயம் காளைகள் கைமாறுவதைப் போலவும், அந்தியூர் ஆடித் திருவிழாவில் குதிரைகள் விலைபோவதைப் போலவும், அங்கே மனிதர்கள் கைமாறுகிறார்கள். அடிமை வியாபாரமோ என்று வாசகர்கள் பதற வேண்டியதில்லை. கைமாறுகிறவர்கள் கோடீசுவரர்கள், பெரும்பாலும் ஆறரை அடி உயரத்தை எட்டிய ஆஜானுபாகுகள், கூடைப்பந்து ஆடுவதையே ஜீவனமாகக் கொண்டவர்கள்.

நம் மாட்டுச் சந்தையில் தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கூட விலை தெரியாது. காளைக்கோ ஒன்றுமே தெரியாது. அமெரிக்கச் சந்தையிலும் பேச்சு இப்படித்தான் நடக்கிறது. துண்டுக்குப் பதில் டெலிபோன், அவ்வளவே வித்தியாசம்.

அந்நாட்டுத் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் 30 கோஷ்டிகள் உண்டு. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரையில் ஒவ்வொரு கோஷ்டியும் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. பெப்ரவரியில் ஒரு நாளைக் கெடுவாக வைத்திருக்கிறார்கள். அந்த நாள் கடந்துவிட்டால் அந்தப் பருவம் முடிகிறவரையில் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே கெடு நெருங்கும்போது கோஷ்டிகளின் நிர்வாகிகள் வெற்றி தோல்விப் பட்டியலை எதிரே வைத்துக்கொண்டு யோசனையில் ஆழ்கிறார்கள். ஜெயிக்கிற கோஷ்டி, “இன்னும் ஒரே ஒரு ஆள் கிடைத்தால் கோப்பை நமக்குத்தான்” என்று தேடுகிறது. தோற்கிற கோஷ்டி, கையிலிருக்கும் பெரிய ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டு, வருங்காலத்தில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாங்கி வைத்துக்கொள்கிறது. இதற்குச் சம்பளக் கணக்கும் ஒத்துவர வேண்டும். 2024-25 பருவத்தில் ஒரு கோஷ்டிக்குச் சம்பள வரம்பு 14 கோடி டாலருக்குச் சற்று அதிகம். வரம்பைத் தாண்டிய கோஷ்டிகள் கொடுக்கிற சம்பளமும் வாங்குகிற சம்பளமும் ஏறத்தாழச் சரிக்கட்ட வேண்டும். பந்தாட்டத்தில் பாதி கணக்குப்பிள்ளையின் வேலையாகிவிட்டது.

டாலஸில் நடந்த கதை

2025ஆம் வருஷத்துச் சந்தையை அந்நாட்டார் எளிதில் மறக்கமாட்டார்கள். டாலஸ் கோஷ்டியின் உயிர்நாடியாக விளங்கியவர் ஸ்லோவேனியா தேசத்து இளைஞரான லூக்கா டான்சிச். அவருக்கு அப்போது 25 வயது. அவருடைய பலத்தால்தான் 2024ல் அக்கோஷ்டி இறுதிப் போட்டி வரையில் சென்று, பாஸ்டனிடம் தோற்றது. கெடு பெப்ரவரி 6ஆம் தேதி. அதற்குச் சில தினங்கள் முன்னதாக, ஒரு நள்ளிரவு வேளையில், டான்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக முக்கியமாக ஆன்டனி டேவிஸ் என்பவரை வாங்கிக்கொண்டதாகச் செய்தி வெளிவந்தது. டான்சிச்சே திகைத்துப் போனார். ரசிகர்கள் அரங்கத்தின் வாசலில் கூடிச் சவப்பெட்டி வைத்துத் துக்கம் கொண்டாடினார்கள்.

பலன் என்ன? டேவிஸ் டாலஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே காயம் அடைந்தார். அப்பருவத்தில் டாலஸ் 39 ஆட்டங்களில் ஜெயித்து 43ல் தோற்றது. லேக்கர்ஸ் 50ல் ஜெயித்தும் முதற்சுற்றிலேயே மின்னஸோட்டாவிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் டான்சிச் எதிர்க் கோஷ்டியின் சட்டையுடன் டாலஸுக்குத் திரும்பி வந்தபோது, பழைய காட்சிகளைத் திரையில் கண்டு கண்ணீர் விட்டார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு 45 புள்ளிகள் போட்டார். இந்தப் பரிமாற்றத்தைச் செய்த நிர்வாகி நவம்பரில் வேலையை இழந்தார்.

ஆயினும் சந்தை முழுவதும் பாபம் என்று சொல்லிவிட முடியாது. 2019ல் ஓக்லஹாமா கோஷ்டி பால் ஜார்ஜ் என்ற பெரிய ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டு, ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டர் என்ற இளைஞரையும், பல வருஷங்களுக்கு முதற்சுற்றுத் தேர்வு உரிமைகளையும் வாங்கிக்கொண்டது. அந்த இளைஞரையும், அவ்வுரிமைகளில் ஒன்றால் 2022ல் கிடைத்த ஜேலன் வில்லியம்ஸையும் கொண்டு 2025ல் சாம்பியன் பட்டத்தை அடைந்தது. தென்னம்பிள்ளை வைத்தவன் இளநீருக்கு ஆறு வருஷம் காத்திருந்தான் என்றே சொல்லவேண்டும்.

கைமாறுகிற ஆட்டக்காரருக்கு ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. அவருடைய ஒப்பந்தம் அவர் கூடவே பயணம் செய்கிறது. பழைய முதலாளி ஒப்புக்கொண்ட சம்பளத்தைப் புதிய முதலாளி குறைக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்தால் விரும்பிய கோஷ்டிக்குப் போகலாம். இந்த உரிமையும் தானாக வந்துவிடவில்லை. ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராயிருந்த ஆஸ்கார் ராபர்ட்ஸன் என்னும் கறுப்பு இனத்து வீரர் 1970ல் வழக்குத் தொடுத்தார். ஆறு வருஷம் போராடி 1976ல் சமரசம் ஏற்பட்ட பிறகே அவ்வுரிமைக்கு வழி திறந்தது. சுதந்திரம் எந்த நாட்டிலும் கேளாமல் கிடைப்பதில்லை.

கோயமுத்தூரின் பங்கு

இனி நம் ஊருக்கு வருவோம். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகளை மாட்டிவைத்து உண்டாக்கிய இவ்வாட்டம், ஒய்.எம்.சி.ஏ. ஸ்தாபனத்தின் மூலம் இந்தியாவுக்கு வந்தது. 1920ல் ஹாரி க்ரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியில் கற்ற ஆசிரியர்கள் பள்ளிக்கூடங்கள் தோறும் விளையாட்டுக்களைப் பரப்பினார்கள். கோயமுத்தூரில் அது நன்றாக வேர் பிடித்துக்கொண்டது. பி.எஸ்.ஜி. கோப்பை, நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கான சி.ஆர்.ஐ. கோப்பை என்று அகில இந்தியப் பந்தயங்கள் இங்கே நடந்து வருகின்றன. ஆண்களுக்கான இரண்டு கோப்பைகளும் அரை நூற்றாண்டைக் கடந்தவை.

அப்பந்தயங்களில் ஆடுகிறவர்களின் சட்டைகளைச் சற்றுக் கவனியுங்கள். இந்தியன் ஓவர்சீஸ் பாங்கி, பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, கேரள மின்சார வாரியம், கடற்படை, ராணுவம், விமானப்படை! ஊர்ப் பெயர்களைவிட உத்தியோகப் பெயர்களே அதிகம். அமெரிக்காவில் கோஷ்டி ஆட்டக்காரனை விலைக்கு வாங்குகிறது. நம் நாட்டில் ஆபீஸ் அவனுக்கு நாற்காலி கொடுக்கிறது. அங்கே அவனை ஊர் விட்டு ஊர் தள்ளுகிறார்கள். இங்கே அவனாக விரும்பினாலும் எளிதில் நகர முடியாது. வேறு இடத்துக்காக ஆடவேண்டுமானால், ஆட்சேபம் இல்லை என்று மேலதிகாரி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அந்தக் காகிதந்தான் நம்முடைய பெப்ரவரிக் கெடு.

இந்த நாற்காலியை நாம் இகழவில்லை. கணபதியில் வசிக்கும் குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். டெக்ஸ்டூல் போன்ற நெசவு யந்திரத் தொழிற்சாலையையும், வார்ப்படச் சாலைகளையும், பட்டறைகளையும் நம்பி வளர்ந்த பகுதி அது. அங்கே உயரமாக வளர்ந்த பையன் ஒருவன் பந்தும் கையுமாகப் புறப்பட்டால், “ஏங் கண்ணு, பந்து போட்டா நாளைக்கு உத்தியோகம் கெடைக்குமா?” என்றுதான் தகப்பனார் கேட்பார். அது அறியாமையால் எழுகிற கேள்வி அல்ல. முழங்கால் ஒருமுறை பிசகினால் ஆட்டம் போய்விடும். உத்தியோகமானால் அறுபது வயது வரையில் சோறு போடும்.

லீக் என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவை எத்தனை காலம் நிலைத்தன? 2015ல் எட்டு கோஷ்டிகளுடன் ஆரம்பித்த யு.பி.ஏ. லீக் 2017க்குப் பிறகு நடைபெறவில்லை. 2022ல் இந்திய தேசியக் கூடைப்பந்து லீக் ஆறு கோஷ்டிகளுடன் தொடங்கியது; முதற்பருவத்தில் சென்னைக் கோஷ்டி பட்டம் பெற்றது. தமிழர்களுக்கு அது பெருமையே. ஆனால் சென்னை, பெங்களூர், கொச்சி, பம்பாய், டில்லி, சண்டிகர் என்ற அந்த ஆறு பெயர்களில், அரை நூற்றாண்டாக நாட்டுக்கே பந்தல் போட்டு உபசரித்த கோயமுத்தூரின் பெயர் இல்லை. கல்யாண மண்டபம் நம்முடையது. மாப்பிள்ளை மட்டும் எப்போதும் வெளியூர்!

பெண்களின் நிலை இதைவிட நெருக்கடியானது. அந்தத் தேசிய லீகின் முதற்பருவம் ஆண்களுக்கே நடந்தது. சென்னையைச் சேர்ந்த ஸ்ரீமதி அனிதா பால்துரை இந்தியக் கோஷ்டிக்குப் பல ஆண்டுகள் தலைமை வகித்து, 2021ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரைப்போல் வரவேண்டும் என்று ஆசைப்படுகிற பெண்ணுக்கு ரயில்வே உத்தியோகத்தை விட்டால் வேறு வழி மிகக் குறைவு. அமெரிக்காவிலோ பெண்களுக்கென்றே 1997 முதல் தனி லீக் நடந்து வருகிறது.

நாற்காலியை மட்டும் நம்பியதன் பலனையும் காண்கிறோம். இந்திய ஆடவர் ஒலிம்பிக்கில் ஆடியது 1980ல் மாஸ்கோவில் ஒரே முறை. அதிலும் எல்லா ஆட்டங்களிலும் தோல்வி. 2015ல் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங்கை மேலே சொன்ன அதே டாலஸ் கோஷ்டி 52வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கச் சங்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவரே. ஆயினும் அச்சங்கத்தின் ஆட்டம் ஒன்றில்கூட அவர் களம் இறங்கவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெட்டாவில் நடந்த ஆசியக் கோப்பையில் நம்மவர்கள் ஜோர்டானைக் கூடுதல் நேரம் வரையில் இழுத்துச் சென்று தோற்றார்கள். பிறகு சீனாவிடமும் சவூதி அரேபியாவிடமும் தோற்றார்கள். வருஷத்தில் சில பந்தயங்கள் மட்டும் ஆடுகிறவன், 82 ஆட்டம் ஆடிப் பழகியவனைப் போல் கடைசி ஐந்து நிமிஷத்தில் எப்படித் தாக்குப் பிடிப்பான்?

செய்யத் தக்கது

நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நாற்காலியை உதைத்துவிட்டுச் சந்தைக்கு ஓடவும் வேண்டாம். நாற்காலியோடு ஆட்டக்காரனைக் கட்டிப்போடவும் வேண்டாம். பாங்கிகளும் ரயில்வேயும், உத்தியோக உரிமை கெடாமல், ஒரு பருவம் லீகில் ஆடிவர விடுமுறை தரவேண்டும். லீக் நடத்துகிறவர்கள், ஆட்டக்காரரின் சம்மதமான கையெழுத்து இல்லாமல் அவரை மற்றொரு கோஷ்டிக்கு மாற்றுவதில்லை என்று முதல் நாளே விதி செய்யவேண்டும். அமெரிக்கர் ஆறு வருஷம் வழக்காடிப் பெற்றதைவிட மேலான உரிமையை நாம் வழக்கின்றியே கொடுக்கலாம்.

மூன்றாவது காரியம் கோயமுத்தூருடையது. பம்பும் மோட்டாரும் செய்து தேசமெங்கும் தண்ணீர் இறைத்தவர்கள் நம் தொழிலதிபர்கள். அவர்கள் ஒன்றுகூடி, இவ்வூரின் பெயரால் ஆண்களுக்கு ஒரு கோஷ்டியும் பெண்களுக்கு ஒரு கோஷ்டியும் அமைத்துப் பத்து வருஷத்துக்குக் குறையாமல் காப்பாற்றுவது என்று உறுதி செய்யவேண்டும். பத்து வருஷம் என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு பருவத்தில் மூடிப்போகிற கோஷ்டியை நம்பி எந்தத் தாயும் தன் மகளை அனுப்பமாட்டாள், அனுப்பாதது நியாயமுமாகும்.

கணபதித் தகப்பனாரின் கேள்விக்கு, “கிடைக்கும், உத்தியோகமும் கிடைக்கும், ஆட்டமும் நிலைக்கும்” என்று பதில் சொல்லக்கூடிய நாள் வரவேண்டும். அதற்கு ஒரு கெடு வைத்துக்கொண்டு நம்மவர்கள் வேலை தொடங்குவார்களாக.