கலுங்குன்னு போடு ஆத்தா

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். காலையில் தூசி தட்டும்போது கை முதலில் போவது, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த கலைக்களஞ்சியத்தின் மேல்தான். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள். அசுர உழைப்பு. ஆனால் அந்தப் பக்கங்களில் எங்கள் சிவகங்கை இன்றைக்கும் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருக்கிறது. 1985-இல் மாவட்டம் பிரிந்தது அச்சான தாளுக்குத் தெரியாதே. ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கலாமா என்று கை துறுதுறுக்கும். நூலகராயிற்றே, எழுதக் கூடாது.

தமிழ் விக்கிப்பீடியாவில் அந்தப் பென்சில் எல்லோர் கையிலும் இருக்கிறது. ‘தொகு’ என்பதை அழுத்தினால் பக்கம் திறந்துகொள்ளும். எழுதிச் சேமித்தால் உடனே ஊருக்கெல்லாம் தெரியும். யார், எப்போது, எந்த எழுத்தை மாற்றினார் என்பது ‘வரலாறு’ பகுதியில் அப்படியே கிடக்கும். யாராவது தவறாக அழித்துவிட்டாலும் பழையதை மீட்டுவிடலாம். 2003-இல் தொடங்கிய புதிதில், யாழ்ப்பாணத்துக்காரரான கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஏறக்குறையத் தனியாளாக எழுதிக் குவித்தார். 2017-இல் கட்டுரைகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. நடுவே ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். எப்படிச் சேர்ந்தார்கள், சேர்ந்தவர்கள் ஏன் தங்கினார்கள் என்பதுதான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னைப் பிடித்து ஆட்டும் கேள்வி.

முதலில் எனக்குத் தெரிந்த வழி கூட்டம் கூட்டுவது, பரிசு அறிவிப்பது. ஒரு கல்லூரியின் கணினி அறையில் பயிற்சிப் பட்டறை வைத்தோம். நாற்பது பிள்ளைகள். ஆளுக்கொரு கட்டுரை, முதல் மூன்றுக்குப் பரிசு என்றேன். மதியத்துக்குள் வந்து குவிந்தன. பாதி எங்கிருந்தோ வெட்டி ஒட்டியவை, பாதி இயந்திர மொழிபெயர்ப்பு. பதிப்புரிமை மீறல், தரமற்ற மொழிபெயர்ப்பு என்று அன்று இரவே விக்கிப்பீடியா நிர்வாகிகள் ஒவ்வொன்றாக நீக்கினார்கள். நீக்கியவர்கள் செய்தது சரி. எண்ணிக்கையைக் கேட்டது நான். பிள்ளைகள் கேட்டதைக் கொடுத்தார்கள். நாற்பது பேரில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. எழுதிய அன்றே எழுதியது காணாமல் போனால் யார்தான் வருவார்கள்?

அடுத்த முறை எங்கள் நூலகத்திலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழெட்டுப் பேர். புதுக் கட்டுரையே வேண்டாம், அவரவர் ஊர்ப் பக்கத்தைத் திறங்கள் என்றேன். தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பலவற்றுக்கு, அரசுத் தரவுகளை வைத்து நிரல் வழியாக உண்டாக்கிய பக்கம் இருக்கிறது. ஊரில் கைக்குழாய் எத்தனை என்று அதில் இருக்கும். கண்மாயின் பெயர் இருக்காது.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் தாத்தாவோடு வந்திருந்தாள். அவர் தங்கள் ஊர்க் கண்மாய்க்கு நெடுங்காலம் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் கையில். பேத்தி தட்டச்சு செய்ய, எழுத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தபடி சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ‘வடிகால்’ என்று அடித்துவிட்டு வாய்விட்டுப் படித்ததும் குறுக்கிட்டார்: “கலுங்குன்னு போடு ஆத்தா. வடிகாலு வேற, கலுங்கு வேற.” கண்மாய் நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடக் கல்லால் கட்டிய கட்டு அது. கண்மாயின் பெயர், மடை எத்தனை, கலுங்கு எந்தப் பக்கம். இந்த இரண்டு வரிக்கு அரைமணி நேரம் ஆனது.

மூன்றாம் நாள் அந்த வரிகளுக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று ஒரு குறி வந்து நின்றது. அவளிடமிருந்து போன். “எங்க தாத்தா பொய்யா சொல்றாரு, மேடம்?”

இந்த இடத்தில்தான் ஆட்கள் போய்விடுகிறார்கள். பொய் என்று யாரும் சொல்லவில்லை, எங்கோ இருந்து படிப்பவருக்கு உன் தாத்தா பக்கத்தில் இல்லையே, அவர் சரிபார்க்க ஓர் அச்சுப் பக்கம் வேண்டும் என்று சொன்னேன். வாய்வழியே மட்டும் வந்த அறிவுக்கு அங்கே இடம் குறைவு என்பது எனக்கு இன்றும் உறுத்தல்தான். ஆனால் சான்று கேட்பதை விட்டால் யார் வேண்டுமானாலும் எதையும் எழுதிவிட்டுப் போவார்கள். நூலகத்துக்கு வந்து சேர் என்றேன். இரண்டு மாலை அலமாரி அலமாரியாகத் தேடினோம். மாவட்டப் பாசனம் பற்றிய பழைய நூல் ஒன்றில் அந்தக் கண்மாயும் கலுங்கும் ஒரு பத்தியில் இருந்தன. பக்க எண்ணோடு சேர்த்தாள். கலுங்கைத் தானே படம் எடுத்து விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினாள்.

குறியிட்டவரே வந்து அந்தக் குறியை எடுத்துவிட்டு, அவள் திருத்தத்துக்கு ‘நன்றி’ பொத்தானை அழுத்தியிருந்தார். அவள் எனக்கு மறுபடி போன் செய்தது நூல் கிடைத்ததற்காக அல்ல, அந்த நன்றிக்காக.

அன்றிலிருந்து என் காலை வேலை இதுதான். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தில் புதுப் பெயர்களைத் தேடுவேன். எல்லோருக்கும் ஒரே மாதிரி போகும் வரவேற்பு வார்ப்புரு போதாது. அவர் எழுதியதைப் படித்து, அதைப் பற்றியே இரண்டு வரி அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதுவேன். நீக்க வேண்டியது என்றால், நீக்குவதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுவேன். போட்டிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களுக்குள் நடந்த வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டியில் 2018-இல் தமிழ் இரண்டாவதாக வந்து, அடுத்த சுற்றில் முதலிடம் பிடித்தபோது நானும் பூரித்துப்போனேன். ஆனால் போட்டி முடிந்த மறுவாரமும் எழுதுகிறவர் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் யாரோ ஒருவர் பதில் சொல்லித் தக்கவைத்த ஆளாக இருக்கிறார்.

போன ஐப்பசி மழையில் அந்தக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. அவள் பழைய படத்தை எடுத்துவிட்டு, கலுங்கில் தண்ணீர் விழும் படத்தைப் போட்டிருந்தாள். அதே வாரம், புதியவர்கள் உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்தில் ஒரு புதுப் பையன், தன் ஊர்ப் பக்கத்தில் ‘சான்று தேவை’ போட்டுவிட்டார்கள் என்று மனம் நொந்து எழுதியிருந்தான். பதில் எழுதலாம் என்று நான் போவதற்குள் அவள் முந்திவிட்டாள். “தம்பி, எந்த ஊர்? உங்க ஊர் நூலகத்துல பாசனம் பத்தின புத்தகம் இருக்கான்னு முதல்ல கேளுங்க.”