குதிரையின் எலும்பும் நெல் தவிடும்

நெல்லைக் குற்றி அரிசியாக்கும்போது கிடைக்கும் தவிடு கால்நடைகளுக்கு ஏற்ற தீனியென்பதைக் கமக்காரர் அனைவரும் அறிவர். மாட்டுக்கும் கோழிக்கும் பயன்படும் அத்தவிட்டையே குதிரைக்கு நாள்தோறும் மிகுதியாக இட்டு வரின், விலங்கு கொழுத்துத் தோன்றும் காலத்திலேயே அதன் எலும்பு உள்ளூர வலுவிழந்து போகும். ஐரோப்பாவில் ஆலைக்காரர் தம் குதிரைகளுக்குத் தவிட்டையே பெரிதும் ஊட்டி வந்தமையால் இதற்கு ‘ஆலைக்காரர் நோய்’ என்று பெயர் ஏற்பட்டது. முகத்தின் எலும்புகள் புடைத்து வீங்குவதனால் ‘பெருந்தலை நோய்’ என்றுங் கூறுவர்.

நோய்க்குக் காரணம் நஞ்சோ கிருமியோ அன்று. தவிட்டிலுள்ள இரு உலோகச்சத்துக்களின் அளவு வேற்றுமையேயாம். ஒரு கிலோ நெல் தவிட்டில் ஏறத்தாழ 15 கிராம் பொசுபரசு உண்டு. கல்சியமோ 1 கிராம் அளவே. குதிரைக்குக் கல்சியம் பொசுபரசிலும் கூடுதலாக, குறைந்தது அதற்குச் சமமாகவேனும் கிடைத்தல் வேண்டும். உமி கலவாத நல்ல தவிட்டிலேயே பொசுபரசு மிகுதியாதலால், இவ்வகையில் உயர்ந்த தவிடே கூடிய கேடு செய்யும் என்பது கவனிக்கத்தக்கது.

உணவிற் கல்சியம் போதாதபோது, கழுத்திலுள்ள பரிவுதைரொயிட்டுச் சுரப்பிகள் ஓர் ஓமோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்புகின்றன. உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலுமே இருப்பதனால், அக்களஞ்சியத்தைத் திறப்பதன்றி உடலுக்கு வேறு வழியில்லை. கரைந்த இடத்தை நார்த்தசை நிரப்புகின்றது. 1964இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூக், லோவ் என்னும் இருவர் குதிரைகளில் இந்நோயை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர்.

முதலில் குதிரை இன்ன காலென்று சொல்லவியலாதபடி நொண்டும். இன்று முன்னங்கால், நாளை பின்னங்கால். பின்னர்ப் பற்கள் ஆடும். தீனியை மெல்லத் தயங்கும். ஓடும்போது எலும்பு முறிவதும், தசைநார் எலும்பிலிருந்து பிய்ந்து வருவதும் உண்டு. முகம் வீங்கிய பின் நோயைக் கண்டுபிடிப்பது பெரிதன்று. வீங்குவதற்கு முன்னர், நொண்டும் குதிரையை ஏறிச் செலுத்தலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதே உரியவருக்குள்ள கேள்வி. தவறாக விடையளித்தால் குதிரையும் போகும், ஏறியவர் உயிருக்கும் ஆபத்து நேரும்.

இவ்விடத்தில் வழக்கமான சோதனைகள் பெரிதும் உதவுவதில்லை. எலும்பைக் கரைத்தாவது இரத்தத்தின் கல்சிய அளவை உடல் காத்துக்கொள்வதால், இரத்தச் சோதனை பெரும்பாலும் ‘குறையில்லை’ என்றே காட்டும். எக்ஸ் கதிர்ப்படத்திலோ, எலும்பின் உலோகச்சத்தில் நூற்றுக்கு 30 பங்களவு போன பின்னரே குறை தெளிவாகத் தெரியும். ஆகவே ஐயந்தீராத வேளையிலும் ஆராய்ச்சியின்போதும், மிருக வைத்தியர் எலும்பிலிருந்தே சிறு துண்டொன்றை எடுத்துப் பார்ப்பர்.

துண்டெடுக்கும் இடத்தைத் தெரிவதிலேயே பெருங் கவனம் வேண்டும். பாரந்தாங்கும் காலெலும்பிற் துளையிட்டால், அத்துளையிலிருந்தே எலும்பு பிளந்துவிடக்கூடும். ஆதலால் பின்புறத்தே மேடாகத் தெரியும் இடுப்பெலும்பின் முனையை அல்லது விலா எலும்பொன்றைத் தெரிவர். விலாவின் அடியில் நுரையீரல் இருப்பதனால், இடுப்பெலும்பே ஆபத்துக் குறைந்தது. குதிரையை நிறுத்தியபடியே அமைதி மருந்து ஏற்றி, மயிரைக் களைந்து, தோலைக் கிருமிநீக்கி, அவ்விடத்தை விறைக்கச் செய்வர். தோலிற் சிறு கீறலிட்டு, உள்ளே குழலாயமைந்த துறப்பணத்தைச் சுழற்றி, விரல் நுனியளவான உருளைத் துண்டை எடுத்துத் தோலைத் தைத்துவிடுவர். ஏனைய விலங்குகளைக் காட்டிலும் குதிரையை ஏற்பு நோய் எளிதிற் பற்றுமாதலால், அதற்கெதிரான ஊசி முன்னரே இடப்பட்டிருத்தல் அவசியம்.

எடுத்த துண்டை அமிலத்திலிட்டு மென்மையாக்கி வெட்டுவது வழக்கமான முறை. இச்சோதனைக்கு அது பொருந்தாது. காணவேண்டிய கல்சியமே அமிலத்திற் கரைந்துவிடும். அதனால் துண்டைப் பிளாத்திக்குப் பிசினில் இறுகப் பதித்து, ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கிலும் மெல்லிய தகடுகளாகச் சீவிச் சாயமேற்றுவர். நுணுக்குக்காட்டியில், கல்சியம் படிந்த எலும்பு ஒரு நிறமாகவும் படியாத பகுதி வேறு நிறமாகவும் விளங்கும். எலும்பைக் கரைக்கும் பெருங் கலங்கள் எத்தனை, நார்த்தசை எவ்வளவு என்பனவும் எண்ணி அளக்கப்படும்.

இன்னுமொரு வழி வியப்புக்குரியது. டெட்ராசைக்ளின் என்னும் மருந்து, புதிதாகக் கல்சியம் படியும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. துண்டெடுக்குமுன், பல நாள் இடைவெளி விட்டு இருமுறை அம்மருந்தைக் கொடுத்தால், ஊதாக்கடந்த ஒளியில் இரு மஞ்சட் கோடுகள் ஒளிரும். மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, அக்கோடுகளின் இடைவெளி அந்நாட்களில் எலும்பு வளர்ந்த அளவைக் காட்டும். எனினும் இம்மருந்து குதிரையின் குடலைக் கெடுத்துக் கடுங்கழிச்சலை உண்டாக்கக் கூடியதாகையால், வைத்தியரன்றிப் பிறர் கொடுத்தல் ஆகாது.

ஒரே இடத்துத் துண்டு முழு உடலுக்கும் சான்றாகாது என்பதும் மெய்யே. அன்றியும் இது செலவும் காலமும் வேண்டுவது. ஆகவே பெரும்பாலான வேளைகளில், தீனியின் கணக்கைக் கேட்டறிந்து சிறுநீரிலுள்ள பொசுபரசை அளந்தே வைத்தியர் முடிவு செய்வர். தீனியைத் திருத்தினால் நான்கு முதல் ஆறு வாரங்களில் நொண்டல் குறையும். எலும்பு முற்றும் திருந்த ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் செல்லும். முகத்தின் வீக்கம் முழுதும் வடியாமலும் இருக்கலாம்.

குதிரைக்குத் தவிடு இடுவோர், ஒரு கிலோ தவிட்டுக்கு ஏறத்தாழ 60 கிராம் சுண்ணக்கல் தூளைக் கலந்து ஈரமாக்கிக் கொடுத்தல் வேண்டும். புல்லே முதன்மை உணவாக இருத்தலும் வேண்டும். நன்கு அரைத்த சிப்பித்தூளும் உதவும். தொலமைற்றுத் தூளிற் கல்சியம் நூற்றுக்கு 22 பங்குக்கு மேற்படாதாகையால் அது கூடுதலாகத் தேவைப்படும். சுட்ட சுண்ணாம்பையோ நீற்றிய சுண்ணாம்பையோ கலத்தல் கூடாது. வாயும் வயிறும் வெந்துவிடும்.

குதிரை வளர்ப்போர் இந்நாட்டிற் சிலரே. ஆடு வளர்ப்போர் பலர். தவிட்டை மிகுதியாகத் தின்னும் கிடாய்களுக்கு, சிறப்பாக நலமடித்தவற்றுக்கு, இதே பொசுபரசு மிகையால் சிறுநீர்க் குழாயிற் கல் அடைக்கும். கிடாய் முக்கி நின்று துளித்துளியாகச் சிறுநீர் விடுமாயின் மறுநாள்வரை காத்திராது, அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.