ஏ. பி. ஆங்கில இலக்கியப் பாடம்

ஏ. பி. ஆங்கில இலக்கியப் பாடம் என்பது ஐக்கிய அமெரிக்காவில் கல்லூரிக்குச் செல்லவிருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு, கல்லூரி முதலாண்டுத் தரத்தில் இலக்கிய வாசிப்பையும் கட்டுரை எழுதுதலையும் கற்பிக்கும் பாடம் ஆகும். ஏ. பி. என்பது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்பதன் சுருக்கம். இத்திட்டத்தை 1955 முதல் காலேஜ் போர்டு என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு நடத்தி வருகின்றது. மே மாதத் தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கப்படும். 3 அல்லது அதற்கு மேல் பெறுவோருக்குப் பல கல்லூரிகள் பாட அலகுகளை வழங்குகின்றன. சில கல்லூரிகள் 4 அல்லது 5 கோருகின்றன. அலகு கிடைத்தால் ஒரு பாடத்துக்கான கல்லூரிக் கட்டணம் மிச்சமாகலாம்.

நூல் தெரிவு

இப்பாடத்துக்குக் கட்டாய நூற்பட்டியல் கிடையாது. நூல்களை ஆசிரியரே தெரிவு செய்கின்றார். ஆயினும் ஏ. பி. என்ற பெயரைப் பயன்படுத்துவதற்கு, 2007 முதல் காலேஜ் போர்டின் ஒப்புதல் தேவைப்படுகின்றது.

தேர்வின் மூன்றாவது கட்டுரைக்கு உரிய புதினத்தை அல்லது நாடகத்தை மாணவரே தெரிவு செய்து, நினைவிலிருந்து எழுத வேண்டும். பத்து நூல்களை மேலோட்டமாகப் படித்தவருக்கு இது கடினம். ஹாம்லெட் போன்ற ஒரு நாடகமும், ரால்ஃப் எலிசன் 1952 இல் வெளியிட்ட இன்விசிபிள் மேன் போன்ற ஒரு புதினமும் நன்கு வசப்பட்டிருந்தால் பெரும்பாலான வினாக்களை எதிர்கொள்ளலாம். ஆகவே நூல்களைக் குறைத்து ஆழமாகப் படிப்பிப்பதே பயன் தரும். சிறுகதை, கவிதை, நெடும் படைப்பு என்ற வரிசை மும்முறை சுழன்று வரும் ஒன்பது அலகுகளாகப் பாடம் பகுக்கப்பட்டிருப்பதும் இதற்கு உதவுகின்றது.

எழுத்துப் பயிற்சியும் திருத்தமும்

மொத்த மதிப்பீட்டில் 55 விழுக்காடு மூன்று கட்டுரைகளுக்கு உரியது. இவற்றுக்கான நேரம் 120 நிமிடங்கள். 2019–2020 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு கட்டுரைக்கும் 6 புள்ளிகள் வழங்கப்படுகின்றன. மையக் கருத்துக்கு 1, சான்றும் விளக்கமும் 4, சிந்தனை நுட்பத்துக்கு 1. கதையைச் சுருக்கிச் சொல்லும் மாணவர் இழப்பது நடுவிலுள்ள அந்த நான்கில்தான்.

இதைத் திருத்த நேரம் வேண்டும். 30 மாணவர் கொண்ட வகுப்பில் கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்றாலும், ஒரு சுற்றுத் திருத்தத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும். வாரந்தோறும் முழுக் கட்டுரை என்று திட்டமிட்டால், திருத்தப்படாத தாள்களே குவியும். ஒரு வாரம் சான்றுப் பத்தியை மட்டும் எழுதச் செய்வதும், அதே புள்ளி முறையைக் கொண்டு மாணவரையே ஒருவர் கட்டுரையை மற்றவர் மதிப்பிடச் செய்வதும் நடைமுறைக்கு ஏற்றவை.

காலக் கணக்கு

தேர்வு நாடு முழுவதும் மே மாதத்தில் ஒரே நாளில் நடைபெறுகின்றது. பள்ளிகளோ ஒரே நாளில் தொடங்குவதில்லை. தென் மாநிலங்கள் பலவற்றில் ஆகத்து முதல் பாதியிலேயே வகுப்புகள் தொடங்க, நியூயார்க் நகரில் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டும். ஒரு புதினத்துக்கு உரிய வாரங்கள் இதிலேயே குறைந்துவிடுகின்றன. கோடை விடுமுறையில் வாசிக்க நூல் கொடுத்து இவ்விடைவெளியை ஈடுசெய்வது வழக்கம். வீட்டில் நூலும் அமைதியான இடமும் இல்லாத மாணவருக்கு அது பெரிதும் உதவுவதில்லை. 2025 முதல் தேர்வு கணினியில் நடத்தப்படுவதால், தட்டச்சில் கட்டுரை எழுதும் பயிற்சிக்கும் வகுப்பு நேரத்தில் இடம் ஒதுக்க வேண்டியுள்ளது.